புளியங்கொட்டை விழுந்த பேணி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சல்லி என்ற ஊரின் கரையில் கூலிக்கு வலைக் கயிறு இழுக்க வந்து, இன்று இரண்டு கரைவலைக்குச் சொந்தக்காரன், சம்மாட்டி. கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று பனையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பினவன். டவுனில் என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்து இரும்புக் கேற் நான் போட்டுக் கொடுத்தது. அங்கே கூட்டம் என்றால் பள்ளிக்கூட அதிபர் எனக்கு முன்வரிசையில் கதிரை பிடித்து வைப்பார். இப்படிப்பட்டவனுக்கு ஒரு புளியங்கொட்டையைக் கையிலிருந்து விடுவது பெரும் பாடாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

பேத்திக்குக் காய்ச்சல். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லைப் போல என்றார் டொக்டர். சுகமாகிப் பள்ளிக்கூடம் போய் வந்த அன்று பையைத் திறந்து பார்த்தேன். காலையில் தாய் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் கழுத்துவரை அப்படியே இருந்தது. தகப்பன் கட்டாரில். கேட்க வேண்டியவன் நான்.

கேட்டதும் பேத்தி முதலில் சத்தியம் பண்ணச் சொன்னாள். எங்கள் கரையில் முத்துமாரி அம்மன் மேல் பண்ணின சத்தியத்தை மீறினவனின் தோணியில் வேறொருவன் கால் வைக்க மாட்டான். கோயில் பக்கம் திரும்பி, ஒருவருக்கும் வாய் திறக்க மாட்டேன் என்றேன். பிறகுதான் சொன்னாள். மைதானத்துக்குப் பின்னால் மலசலகூடம். அவள் உள்ளே போனதும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வெளியால் கதவுக் கொளுக்கியைப் போட்டுவிட்டார்களாம். கத்தக் கத்த மேலால் தண்ணீர் ஊற்றினார்களாம். பாடம் முடிந்து மணி அடித்த பிறகுதான் யாரோ திறந்தார்களாம். யாரிடமாவது சொன்னால் அடுத்த முறை திறக்க ஆள் வராது என்றார்களாம். அன்றோடு பிள்ளை தண்ணீரை விட்டுவிட்டது.

வலை கல்லில் மாட்டினால் எவனைச் சுழியோட இறக்குவது என்று எனக்குத் தெரியும். இதற்கு யாரை இறக்குவது? பள்ளிக்கூட நேரம் முழுக்கக் கரையில் நின்று டவுன் பக்கமே பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் பல்கலைக்கழகத்து ஆட்கள் பெற்றோரைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர்களில் கிண்ணியா ஊர்ப் பிள்ளை ஒருத்திதான் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆராயப் போகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய ஏலாது, எதை முதலில் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். மேசையில் பால்மா வந்த தகரப் பேணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: வாசல் கேற், றோட்டு, பிரம்பு, போன், மலசலகூடம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. அதிகம் விழுகிற பேணியிலிருந்து தொடங்குவார்கள்.

யாரும் பார்க்காமல் போடத்தான் அவள் மேசையைத் திரைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதிபர் விடவில்லை. சம்மாட்டி ஐயா முதலில் போடட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று மேசையை மண்டபத்தின் நடுவுக்கு இழுப்பித்தார். மரியாதையாம். அந்தக் கிண்ணியாப் பிள்ளை பேணிகள் விழாமல் பிடித்துக்கொண்டு மேசையோடு வந்தாள்.

“சம்மாட்டி தன்ட கேற்றுக்குத்தான் போடுவார், பாருங்கோ,” என்றான் பின்னாலிருந்த ஒருவன். சிரித்தார்கள்.

கேற்றுக்குப் போட்டால் எனக்குப் பின்னால் எல்லாரும் கேற்றுக்குத்தான் போடுவார்கள். பேத்தியின் விசயம் மறைவாக இருக்கும். அந்தக் கொளுக்கியும் அப்படியே இருக்கும். மலசலகூடப் படத்தில் போட்டால், கிழவன் ஏன் இதில் போட்டான் என்ற கேள்வி வரும். பூட்டின பிள்ளைகளின் தாய்மாரும் அந்த மண்டபத்தில் இருந்திருப்பார்கள். யார் என்றுகூட எனக்குத் தெரியாது. கொட்டை ஒருமுறை கைதவறி விழுந்தது. குனிந்து பொறுக்கி, மலசலகூடப் பேணியில் போட்டேன்.

வெறும் பேணியில் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஒரு தாய் எழும்பி வந்து, என்னைப் பார்க்காமல், அதே பேணியில் போட்டாள். பிறகு இன்னொருத்தி. என் கையைப் பார்த்துப் போட்டார்களா, தங்கள் பிள்ளைகளின் போத்தலைப் பார்த்துப் போட்டார்களா, எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது அந்தக் கிண்ணியாப் பிள்ளை பக்கத்தில் வந்தாள். “மறைவாப் போட விட்டிருக்கணும் ஐயா,” என்றாள் மெதுவாக. “அடுத்த கிழமை வாறம். பேரில்லாம எல்லா வகுப்பிலயும் மலசலகூடத்தப் பத்திக் கேப்பம்.”

அடுத்த கிழமை. அதுவரை?

அன்று பின்னேரம் பேத்தி பள்ளிக்கூட வான் வண்டியால் இறங்கும்போதே முகம் வெளிறியிருந்தது.

“சத்தியம் பண்ணினீங்கள், அப்பப்பா.”

“நான் வாய் திறக்கேல்ல, மகள்.”

“கொட்டையப் போட்டனீங்கள்தானே. வான்ல எல்லாருக்கும் தெரியும், எந்தப் பேணியில எண்டு.”

அவளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் வானில் அனுப்பாமல் மோட்டார்சைக்கிளில் நானே ஏற்றிப் போனேன். போத்தலைத் தோளில் கொழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். காவல்காரன் கேற்றைச் சாத்தினான். றோட்டில் போகிறவன் எட்டிப் பார்க்கக் கூடாது என்று மேலிருந்து கீழ்வரை தகடு அடிப்பித்த கேற் அது. ஒரு கண் வைக்க இடுக்கு இல்லை. தகட்டில் காதை வைத்தேன். காலைத் தேவாரம் கேட்டது, பிறகு மணி, பிறகு ஒன்றுமில்லை. காவல்காரன் சின்னக் கதவைத் திறந்து, இன்னும் போகவில்லையா ஐயா என்றான். உள்ளே கிடந்த வாங்குப் பலகையில் இருக்கட்டுமா என்று கேட்டேன். என் காசில் நிற்கிற கேற்றுக்குள் போக அவனிடம் கெஞ்சினேன். அவன் விட்டான். இடைவேளை முடிந்து மணி அடிக்கும்வரை அந்த வாங்கிலேயே இருந்து, மைதானத்துக்குப் பின்னால் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.