ஒரே துணியில் இரண்டு சட்டைகள்

முதுகை மட்டும் பார்த்தவரின் சாட்சியத்தை நம்பி ஒரு மனிதனை அடிக்க நமக்கு எப்படிக் கை வருகிறது? சென்ற வாரம் மைசூரில், ஒரு கல்லூரி அரங்கில் ஊமைப்படம் பார்த்தபோது இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. திரையில், திருடனுடையதைப் போன்ற கோட்டை அணிந்திருந்த ஒருவனை, களவுபோன நகைக்காக அடித்தார்கள். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு வேலுவின் குரல் கேட்டது.

சிறுவயதில், தீபாவளிக்கு எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே துணியில்தான் சட்டை தைப்பார்கள். அப்பாவுக்கு இறுகிப்போன பச்சைக் கட்டச் சட்டையை, சுவர் பூச வந்த கொத்தனார் வேலுவுக்கு அம்மா கொடுத்திருந்தாள். வரமகாலட்சுமி பூஜையன்று, கலசத்துக்குச் சாத்தியிருந்த அட்டிகை காணாமல் போயிற்று.

"பச்சைக் கட்டம் போட்ட சட்டை. பின்பக்கமாப் போனான், முதுகைத்தான் பார்த்தேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அன்று வேலு அந்தச் சட்டையோடுதான் வேலைக்கு வந்திருந்தார்; சித்தப்பாவும் அதே துணிச் சட்டையைத்தான் அணிந்திருந்தார். எல்லாரும் வேலுவை மட்டுமே பார்த்தார்கள்.

"எங்கடா வெச்சிருக்கே?" என்று சித்தப்பாதான் முதலில் அறைந்தார். யாரோ வேலுவின் பூச்சுக் கரணையையே பிடுங்கி, அதன் பிடியால் அவர் காதில் அடித்தார். வாசல் கோலத்தில் ரத்தம் சொட்டியது.

"சாமி, இது அம்மா குடுத்த சட்டைங்க. நான் உள்ளாறயே வரலைங்க" என்று தரையில் விழுந்து கிடந்த வேலு கதறினார்.

"அவரை விடுங்கோ, நான்தான் குடுத்தேன்" என்று அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

சித்தப்பா மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினார். அவருடைய வேட்டி மடிப்பிலிருந்து அட்டிகை நழுவி, வேலுவின் மார்பில் விழுந்தது.

வேலுவுக்கு இடது காது அதன்பின் கேட்கவில்லை. அடுத்த தீபாவளி முதல் எங்கள் வீட்டில் ஒரே துணியில் சட்டை தைப்பதை நிறுத்தினார்கள்.