பேய்ப் பொம்மைக்குள் அடைத்த பஞ்சு

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்த காலத்தில், பக்கத்து மேட்டில் இருந்த ஒரு பங்களாவில் நான் ஆயா வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் கூலி வேலை. எனக்கு இருபத்து மூன்று வயது, கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. துரைசாணி அவளையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். பின்பக்க வராந்தாவில் சேலையில் தூளி கட்டி அவளைக் கிடத்திவிட்டு, துரைசாணியின் ஐந்து வயது மகளைக் கவனித்துக்கொள்வேன்.

அக்டோபர் மாதம் ஒரு காலை துரைசாணி என்னைக் கூப்பிட்டாள். ஸ்காட்லாந்தில் அவள் பிறந்த ஊரில் அந்த மாதக் கடைசி நாள் பேய்களுக்கு உரியதாம். பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு விளையாடுவார்களாம். மற்ற பங்களாப் பிள்ளைகளை அழைக்கப் போகிறேன், தோட்டம் நிறையப் பேய் செய்து வைக்க வேண்டும் என்றாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாய்தான். பேய்க்கு அதில் ஹந்து என்று பெயர்.

"வீட்டுக்குள்ள ஹந்துவைக் கூப்பிடலாமா மேம்?" என்று கேட்டேன்.

"நிஜ ஹந்து இல்லை ஆயா, துணி ஹந்து. உனக்குத்தான் தைக்கத் தெரியுமே. தாக்குத்தா?"

பயமா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு பேய் உருவம் தைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அன்று தூளிக் கயிற்றில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன்.

வேலை தொடங்கியதும் கை அதில் பழகிவிட்டது. கிழிந்த குடைகளின் கறுப்புத் துணியை வெட்டி வௌவால்கள் செய்தேன். கம்பிகளை அப்படியே விட்டதால் இறக்கை விறைப்பாக நின்றது. பரங்கிக்காய்களைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டினோம். தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசி எலும்புக்கூடு ஒன்று செய்தோம். துரைசாணி தரையில் உட்கார்ந்து கஞ்சிப் பசையில் காகிதத்தை நனைத்து நனைத்து முகமூடி செய்தாள். அவளை அப்படிக் கையெல்லாம் பசையோடு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரியது ஒரு கிழவிப் பேய். துரைசாணியின் பழைய கறுப்பு கவுனுக்குள் ஆள் அளவுக்கு உடம்பு செய்து, பிரம்பு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். காய்ந்த புல்லை அடைக்கச் சொல்லியிருந்தாள். அந்த வாரம் விடாத மழை, புல்லெல்லாம் நனைந்து நாறியது. வேறு என்ன கிடைக்கும் என்று கார்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்து பார்த்தேன். மூலையில் நீலக் கோடு போட்ட மெத்தை ஒன்று சுருட்டிக் கயிறு கட்டி நின்றிருந்தது. யாரையும் கேட்கவில்லை. கத்தரிக்கோலால் கிழித்து, இலவம்பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி கவுனுக்குள் திணித்தேன். பஞ்சு பறந்து தலைமுடியில், மூக்கில், ரவிக்கையில் எல்லாம் ஒட்டியது. நடுவில் குழந்தை அழுதாள். அப்படியே போய் எடுத்துப் பால் கொடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை டோபி வந்தார். வாரா வாரம் வெளுப்புத் துணி எடுக்க வருகிற தமிழர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வெளுத்துப்போட நான் எடுத்து வைத்திருந்த மெத்தை உறையைத் தூக்கிப் பார்த்தவர், சூடு பட்டதுபோலக் கீழே போட்டார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சாமான் ரூம்ல இருந்துச்சு அண்ணே. பஞ்சைப் பொம்மைக்குள்ள அடைச்சிட்டேன்."

அவர் கண் தோட்டத்துக் கிழவியிடம் போய்த் திரும்பியது. குரல் இறங்கிவிட்டது.

"தங்கச்சி, நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க காரோட்டி ஒருத்தன் இருந்தான். பெரியம்மை வந்து செத்துப் போனான். அவன் படுத்த மெத்தை இது. எரிக்கச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தாங்க. அன்னைக்கு நல்ல மழை. அப்புறம் எரிக்கலாம்னு உள்ள வச்சேன், மறந்துட்டேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"என் பேரைச் சொல்லிடாதம்மா. அஞ்சு பங்களாவும் போயிடும் எனக்கு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கிணற்றடிக்கு ஓடி, முழங்கை வரை சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன், தோல் எரிகிற வரை தேய்த்தேன். குழந்தை தூளியில் கையைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். தூக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பசியில் கத்தத் தொடங்கியவளைத் தொடாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? தூக்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

கப்பலில் வந்து இறங்கியபோது தொற்றுத் தடுப்பு முகாமில் எனக்கு அம்மை குத்தியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் குத்திய தழும்பு உண்டு. குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை. குத்தினால் காய்ச்சல் வருமே என்று நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாயைத் திறக்காதே. சுகாதார ஆபீஸ்காரன் வந்தா லயத்தையே பூட்டிருவான். எல்லாரையும் முகாமுக்கு ஏத்திருவான். அப்புறம் இங்க யார் நம்ம மூஞ்சில முழிப்பா?"

"பிள்ளைக்கு வந்துருச்சுன்னா?"

"வராது. வராதுன்னு நெனச்சுக்க."

சொல்லிவிட்டு அவரே விளக்கை எடுத்து வந்து குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு, அக்குள் என்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. நாற்காலியில் கிழவி உட்கார்ந்திருந்தாள். காகித முகத்துக்குக் கறுப்பு மை, சிவப்பு வாய். பயமுறுத்தச் செய்த முகம் எனக்கு ஒன்றுமே இல்லை. தோள் தையலில் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பஞ்சைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துரைசாணியின் மகளை, சின்னவளை, அந்தப் பக்கம் விடாமல் கதை சொல்லி, பாட்டுப் பாடி, முன்வாசலிலேயே வைத்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை துரைசாணியின் அறை வாசல் வரை போனேன். இரண்டு முறையும் "என்ன ஆயா?" என்று அவள் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை. குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டு நிமிர்கிறேன், சின்னவளைக் காணோம். தோட்டத்துக்கு ஓடினேன். கிழவியின் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தக் கறுப்பு மார்பில் முகத்தைப் பதித்திருந்தாள். ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது, பிள்ளை புல்லில் விழுந்து வீறிட்டாள்.

துரைசாணி ஓடி வந்தாள். பிள்ளையின் கையில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"உனக்குப் பைத்தியமா? பிள்ளையை அடிக்கிறாயா?"

"அடிக்கலை மேம்! இதுக்குள்ள சாக்கிட் இருக்கு, சாக்கிட்!" நோய் என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அது ஒன்றுதான். காரோட்டி, மெத்தை, செத்துப்போனான் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். என் முகத்தில் குத்திக் குத்திக் காட்டினேன், அம்மைப் புள்ளிகள் என்று.

அவள் முகம் வெளுத்தது.

"எரித்துவிட்டதாகச் சொன்னானே?"

யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எரிக்கச் சொல்லி யாரிடம் கொடுத்தாள் என்பது அவளுக்கே தெரியும்.

"எப்போது தெரிந்தது உனக்கு?"

"வியாழக்கிழமை."

ஓங்கி அறைவாள் என்று நின்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசற்படியிலிருந்து திரும்பி, "பாக்கார்!" என்று கத்தினாள். கொளுத்து என்று அர்த்தம். மண்ணெண்ணெய் ஊற்றி நானே கொளுத்தினேன். பஞ்சு பொசுக்கென்று பிடித்துக்கொண்டது. முகமூடி வாயிலிருந்து கருகத் தொடங்கியது. உறையையும் நாற்காலியையும் அதிலேயே போட்டேன்.

மத்தியானம் டாக்டர் வந்தார். கிள்ளானில் பிறந்த தமிழர் என்பதால் என்னிடம் தமிழிலேயே பேசினார். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அம்மை குத்தினார். சின்னவளுக்கு ஏற்கெனவே குத்தியிருந்தும் மறுபடி குத்தினார். என் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பஞ்சு பட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்றார்.

"இன்னையோட நாலு நாள் டாக்டர்."

"மூணு நாளைக்குள்ள குத்தினா நல்லா கேக்கும். நாலுன்னா… பார்ப்போம். பதினாறு நாள் போகட்டும்."

வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நானே எண்ணிக்கொண்டேன்.

யாரையும் முகாமுக்கு அனுப்பவில்லை. குழந்தையும் நானும் பங்களாவின் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையிலேயே தங்க வேண்டும், லயத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். திரும்பிப் போவார். அந்தப் பேய் நாளுக்குத் துரைசாணி ஒருவரையும் அழைக்கவில்லை. குடைந்த பரங்கிக்காய்கள் படிக்கட்டிலேயே அழுகி, ஈ மொய்த்துக் கிடந்தன. அவற்றை எடுத்துப் போடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

காலையில் எழுந்ததும் குழந்தையின் நெற்றியைத் தொடுவேன், வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பேன். மாடி ஜன்னலில் துரைசாணி தன் மகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரியும். கண்கள் சந்திக்கும், இருவரும் தலையை ஆட்டிக்கொள்வோம். அந்த நாட்களில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பஞ்சு பட்ட பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. கை வீங்கி, குத்திய இடத்தில் பெரிய கொப்புளம். அது குத்தியதால் வந்ததா, மெத்தையால் வந்ததா? பால் குடிக்காமல் முனகினாள். நான் மாரியாத்தாவைக் கூப்பிடக்கூடப் பயந்தேன். கூப்பிட்டால் வந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டருக்கு ஆள் அனுப்பியவள் துரைசாணிதான்.

அவர் வந்து குழந்தையின் முகம், உள்ளங்கை, பாதம் எல்லாம் பார்த்தார். கொப்புளத்தை விரலால் மெல்லத் தொட்டார்.

"இது குத்தினது புடிச்சிருக்கும்மா. வேற எங்கேயும் ஒரு புள்ளி இல்ல. நல்ல காய்ச்சல்தான் இது, பயப்படாதே."

நல்ல காய்ச்சல் என்று ஒன்று உண்டா என்று அவர் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பதினாறு நாளும் கழிந்தன. என் பிள்ளைக்கும் துரைசாணியின் பிள்ளைக்கும் எதுவும் வரவில்லை. மெத்தையில் அம்மையின் விஷம் இருந்ததா, எப்போதோ செத்துப் போயிருந்ததா என்பது டாக்டருக்கே தெரியவில்லை.

டோபிக்குப் பங்களாக்கள் போய்விட்டன. ஒரு வருஷம் கழித்துக் கிள்ளான் பாசாரில் அவரைப் பார்த்தேன். மீன் கூடை சுமந்துகொண்டிருந்தார். நான் பேர் சொல்லவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிள்ளை எப்படி இருக்கு?" என்றார்.

"நடக்கிறா அண்ணே."

"நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.