கடல் தாண்டிக் கேட்ட டைரி

ஜின், பேய், காற்று கருப்பு இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர் ஓதி வாங்க ஓடுவார்கள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் டாக்டரிடம் பஸ் ஏறுகிறவள். "இவ வாய்க்கு ஜின்னே பயந்து ஓடிரும்" என்பார் என் மாமியார். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கல்யாணமான புதிதில் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், சார்ஜாவுக்கு வேலைக்கென்று சபர் போனபோது ஆரம்பித்தது இந்த டைரிப் பழக்கம். அன்றைக்குப் போனில் பேசக் கிடைப்பதே கொஞ்ச நேரம். "சின்னச் சின்ன விசயமெல்லாம் எழுதி வை, லீவுல வந்து படிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். லீவில் வந்தால் பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும், இவர் என் நோட்டுகளை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். என்றைக்கு என்ன குழம்பு, பால்காரரோடு என்ன சண்டை, சின்னவள் சஃபியா எப்போது எழுந்து நின்றாள், எல்லாவற்றையும் படித்து முடித்தால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் அவருக்கு. வீடியோ கால் வந்த பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, வெளிநாட்டில் இருப்பவருக்கு நாம் கெட்ட சேதி சொல்ல மாட்டோம், அவர்களும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே "நல்லாருக்கோம்" என்போம், அங்கே வேலை போனவன் "ஓவர்டைம் பாக்குறேன்" என்பான். சில வருஷத்துக்கு முன் திடீரென்று மச்சானிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. "வேலை ஜாஸ்தி, அப்பறம் பேசறேன்" என்று மெசேஜ் மட்டும் வரும். எனக்குக் கோபமான கோபம்.

அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு எழுத உட்காருவேன், எழுதி முடித்ததும் அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து அன்றன்றைக்கு எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். சஃபியா எட்டிப் பார்த்து, "யாருகிட்டம்மா பேசற?" என்றாள். "உங்க அத்தாகிட்டத்தான், காது இருந்தா கேக்கட்டும்" என்றேன். தினமும் அப்படியே படித்தேன்.

ஒருநாள் ஜமால் போன் பண்ணினான். என் சின்னம்மா மகன், என்னை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுபவன், மச்சானோடு அதே ரூமில் இருப்பவன். அழுகிறானா சிரிக்கிறானா என்றே தெரியவில்லை.

"லாத்தா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. மாமியோட பல்செட்டு காணாமப் போயி அரிசி டப்பாக்குள்ள கெடந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மாமியார் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்த சமாச்சாரம் அது. "ஒனக்கு யாருடா சொன்னா?"

"மச்சான் சொன்னாரு."

"அவருகிட்ட நான் பேசியே எத்தன நாளாச்சு!"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். வேலை செய்த இடத்தில் சரக்கு சரிந்து தலையில் விழுந்து, மச்சான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான் பதறுவேன் என்று அவருடைய போனிலிருந்து மெசேஜ் போட்டதெல்லாம் ஜமால்தான். அன்று காலையில் கண் திறந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, அம்மாவின் பல்செட்டை நினைத்துச் சிரித்திருக்கிறார்.

"பஸ்சு வாலிகண்டபுரத்துக்கிட்ட நின்னுபோயி எல்லாரும் கொய்யாப்பழம் தின்னீங்களாம், சஃபியா கத்திரிக்கோல எடுத்து தானே முடிய வெட்டிக்கிட்டாளாம். சாயங்காலமான்னா ஒன் லாத்தா வந்து படிச்சிட்டுப் போறாங்கறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுக்குது லாத்தா."

எல்லாம் அந்த நாற்காலியைப் பார்த்து நான் படித்தவை. பயமில்லை, சத்தியமாகப் பயமில்லை. பக்கத்து வீட்டுக்கே கேட்காத என் குரல் கடல் தாண்டிப் போய் அவர் தலைமாட்டில் நின்றிருக்கிறது, நான் திட்டிக்கொண்டே படித்ததெல்லாம் அவரைப் பிடித்து இழுத்துவைத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. தொழுகைப் பாயில் தலை வைத்தேன், துஆ ஒன்றும் வாயில் வரவில்லை. வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்பீர்கள். யார் சொல்ல முடியும், அவர் போனே ஜமாலின் கையில் அல்லவா இருந்தது?

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஊருக்குத் திரும்பி வந்த அன்று வாசலில் இறங்கிய மச்சான் எதிர்வீட்டு வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது விழுந்து கரண்டு கம்பி அறுந்துச்சுன்னு படிச்சியே?"

"நான் அப்படிப் படிக்கல மச்சான். மரம் நிக்குதே."

அடுத்த ஆடிக் காற்றில் அந்த மரம் சாய்ந்தது, கம்பி அறுந்தது. நான் அலறிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் உள்ளே உட்கார்ந்தபடியே, "யாருக்கும் ஒண்ணும் ஆகல, எழுதிக்க" என்றார்.

அப்படியென்றால் நான் இன்னும் எழுதாத நாட்களையும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். எவ்வளவு தூரம் படித்தேன் என்று நச்சரித்துக் கேட்டேன். நெடுநாள் மழுப்பினார். கடைசியில் சொன்னார்: "நெறைய நல்லதுதான் புள்ள. கடைசியா, ரெண்டு பேரும் ஒக்காந்து முருங்கைக்கீர ஆய்ஞ்சோம்னு படிச்ச. அதோட ஒன் கொரல் நின்னுபோச்சு."

ஜமாலைக் கேட்டால், "அப்பத்தான் கண்ணு முழிச்சிருப்பாரு லாத்தா, வேறென்ன" என்கிறான். இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அந்த வரியோடு எல்லாம் நின்றுவிடுமோ என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சமைத்ததில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டில் முருங்கை மரத்தைக் கழித்தார்கள். மச்சான் ஒரு கொத்தோடு வந்து முறத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா, ஆயலாம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் ஆய்ந்தோம், அவர் ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார்.

நோட்டை எடுத்தேன். வெயில், வந்துபோனவர்கள், சஃபியாவின் பரீட்சை எல்லாம் எழுதினேன். பின்னால் நின்று படித்தவர், "கீரைய வுட்டுட்டியே" என்றார்.

"நாளைக்கு எழுதறேன் மச்சான்" என்றேன். தினமும் கேட்கிறார், தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.