கொல்லனுக்கு ஓலை வாசித்த கதை

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலைட்டி?"

கம்ப்யூட்டர் கேம்களைக் கடைக்கு விடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கெங்கே கோளாறு இருக்கிறது என்று சொல்லும் வேலை என்றேன். அந்தேரியில் ஆபீஸ். திங்கட்கிழமை காலைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

"வெளையாடுறதுக்குச் சம்பளமா?"

"ஆமா."

"அதுக்கா காலேஜுக்குப் போன?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். காலேஜையும் முடித்தேன். இதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கும்தான். மாட்டுங்காவில் அவள் சமைக்கிற வீடுகளிலும், தாராவியில் எங்கள் சர்ச்சிலும், மகள் பாங்க் ஆபீசராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது போய் மகள் டிராகன் அடிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று எந்த வாயால் சொல்வாள்?

அம்மா சம்மதிக்காவிட்டாலும் நான் போயிருக்கலாம். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால் மூக்கு கேஸ் சிலிண்டரில் இடிக்கும். அந்த அறையில் சண்டையை வைத்துக்கொள்ள இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் முடிந்ததும், "ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லு" என்று லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தேன். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்துச் சந்திலிருந்து சித்தியும் வந்து உட்கார்ந்தாள். அப்பா டெம்போ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எதையும் படுத்துக்கொண்டேதான் பார்ப்பார்.

நான் காட்டியது அந்த ஆபீஸின் கேம் அல்ல, ஏற்கெனவே என்னிடம் இருந்த ஒன்று. மலை, காடு, கோட்டை, டிராகன் எல்லாம் உள்ள பெரிய நாடு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். உலகம் அழியப்போகிறது, உடனே காப்பாற்று என்று ஆரம்பத்திலேயே ஒரு ராஜா கெஞ்சுவார். ஆனால் அவசரம் ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்கில் நீங்கள் முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டிருந்தாலும் உலகம் அழியாமல் பொறுமையாகக் காத்திருக்கும்.

என் ஆள், கோடரி ஏந்திய ஒரு வீராங்கனை. அவள் திரையில் வந்ததுமே அம்மா, "அந்தப் பிள்ளைக்கு வயித்துல துணியே இல்லையே" என்றாள். கரடித்தோலை எடுத்துப் போர்த்தினேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்து மேஜைமேல் இருந்த ரொட்டியை எடுத்தேன். அந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வீட்டுக்காரரும் வணக்கம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

"வையிட்டி அத!" என்று அம்மா கத்தினாள். "அடுத்தவிய வீட்டுல நான் ஒரு கருவேப்பில எடுத்திருக்கேனா?"

ரொட்டியைத் திரும்ப வைத்தேன். அது தரையில் விழுந்து உருண்டது. "தொடச்சு வை" என்றாள். அதற்கு எந்த பட்டனும் இல்லை.

அடுத்து என் குதிரையைக் காட்டினேன். செங்குத்தான பாறையில் சுவர்ப் பல்லிபோல ஏறியது. அப்பா முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

"இந்தக் குதிரைய சயான்ல விட்டா டிராபிக்கே இருக்காதுல்லா. பில்டிங் மேல ஏறியே வாஷிக்குப் போயிரும்."

அந்த நாட்டில் எல்லோரும் இங்கிலீஷ் பேசினார்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா சும்மா விடவில்லை. "அவன் அம்புட்டு நேரம் பேசுனான், நீ ரெண்டு வார்த்த சொல்லுத. மிச்சத்த எங்க வச்சிருக்க?" மிச்சத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவும் சித்தியும் பக்கத்தில் நகர்ந்து வந்தார்கள்.

ஒரு கிராமத்தில் கொல்லன் ஒருவன் வாள் அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் பேசும்போது, கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்கும் வாய்ப்பும் வந்தது. நான் தெரியாமல் அதையும் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யக்கா, பையன் லட்சணமாத்தான் இருக்கான். சொந்தமாப் பட்டறை வேற."

"விசாரிக்காமலா?" என்றாள் அம்மா.

ஆக, என் வீராங்கனை கோடரியை முதுகில் மாட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினாள். அந்தக் கேமில் ஊர்க்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த வசனம் கொஞ்சம்தான். பழக்காரியிடம் போனோம். "வடக்கே ஓநாய்கள் அதிகமாகிவிட்டன" என்றாள். காவல்காரனிடம் போனோம். வடக்கே ஓநாய்கள் அதிகமாகிவிட்டன. கோழி மேய்க்கிறவளும் அதையே, அதே குரலில் சொன்னாள்.

அம்மாவின் முகம் மாறியது. "மாப்ளயப் பத்திக் கேட்டா ஓநாய்ங்காவ. ஊரே பேசி வச்சிருக்கு. என்னமோ இருக்கு."

"டோம்பிவிலில என் மூத்தவளுக்கு மாப்ள பாக்கப் போனப்பவும் இப்டித்தான யக்கா," என்றாள் சித்தி. "மாப்ள எப்டின்னு கேட்டா, எல்லாரும் ட்ரெய்ன்ல கூட்டம்னாவ."

சாயங்காலம் ஆனதும் கொல்லன் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாராயக் கடைக்குப் போனான். நாங்களும் பின்னாலேயே போனோம். கையில் கோப்பையோடு நின்றான். கோப்பை வாய்வரைக்கும் போய், உதட்டில் படாமலேயே திரும்பி வந்தது. ரொம்ப நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தான்.

"குடிக்கல்ல பாத்தியா?" என்றார் அப்பா. "கூட்டாளிமாருக்காவ நிக்கான். நல்ல மனுசன்."

அந்தக் கோப்பைதான் சம்பந்தத்தை முடித்து வைத்தது. அம்மா தலையாட்ட, நான் கேட்க, கொல்லன் சரி என்றான். நாளைக் காலையில் கல்யாணம் என்று திரையில் எழுத்து வந்தது. அதைப் படித்துச் சொன்னதுதான் தாமதம், "நாளைக்கா? ஓலை வாசிக்காமலா?" என்று அம்மா எழுந்தேவிட்டாள்.

எங்கள் சர்ச்சில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று சபை முழுக்கக் கேட்க அறிவிப்பார்கள். அது இல்லாமல் எங்கள் ஆட்களில் யாருக்கும் கல்யாணம் நடக்காது. கோடரிக்காரிக்கும் நடக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்சி.

"யம்மா, அந்த ஊர்ல சர்ச்சே இல்ல."

"ஊர் இருக்குல்லா? சனம் இருக்குல்லா? நீ வாசி, நாங்க கேக்கோம்."

கேமில் காத்திரு என்று ஒரு வசதி உண்டு. அழுத்தினால் சூரியன் விர்ரென்று ஓடும். உலகத்தைப்போலவே கல்யாணமும் நாங்கள் போகும்வரை காத்திருக்கும். அதை அழுத்தி அழுத்தி ஒரு வாரத்தைத் தள்ளினேன். சந்தைக்கு நடுவில் வீராங்கனையை நிறுத்தி, அம்மா சொல்லிக்கொடுத்தபடி சத்தமாக ஓலை வாசித்தேன். பிறகு ஒவ்வொருவரிடமும் தடை உண்டா என்று போய்க் கேட்டேன். ஓநாய்களைத் தவிர வேறு தடை இல்லை. "ஒண்ணாம் ஓலை ஆச்சு" என்றாள் அம்மா. அடுத்த வாரம் ரெண்டாம் ஓலை. சித்தி பாதிக் கண்ணை மூடி ஆமென் கூடச் சொன்னாள்.

மூன்றாம் வாரத்தில் டிராகன் வந்தது.

அந்த விளையாட்டில் அது எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தால் ஊரில் ஒருவரும் ஓடி ஒளிய மாட்டார்கள்; பழக்காரிகூடக் பழம் நறுக்கும் கத்தியோடு பாய்வாள். எங்கள் மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால், ஒரு சின்னச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, நெருப்பைக் கக்குகிற வாய்க்கு நேராக ஓடினான். "ஏல, நில்லு! நில்லுல!" என்று அம்மா திரையைத் தட்டினாள். நான் கோடரியை உருவுவதற்குள் அவன் கதை முடிந்துவிட்டது. டிராகன் பறந்துபோன பிறகு கோழி மேய்க்கிறவள் வந்து, அவன் நெஞ்சின்மேல் ஏறி நின்று, ஓநாய்களைப் பற்றிச் சொன்னாள்.

வேலை போனது என்று நினைத்தேன்.

"பரவால்ல யம்மா, பழைய இடத்துலருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அவன் உசிரோட இருப்பான்."

"செத்தவன எழுப்ப நீ யாருட்டி?"

"பைபிள்ல எழுப்பல்லியா?" என்றார் அப்பா.

"ஆண்டவரு எழுப்புனாரு. இவளா?" அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கட்டிக்கப்போறவ டிராகன் அடிக்கிறவ. அவ பக்கத்துலயே நிக்கா. இவன் எதுக்கு ஓடணும்? யாரு அனுப்புனா?"

யாரும் அனுப்பவில்லை, ஊர்க்காரர்கள் எல்லோரும் சண்டைக்குப் போக வேண்டும் என்று கேம் செய்தவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள் என்றேன்.

"கல்யாணம் நிச்சயமானவன மட்டும் விட்டுருன்னு ஒருத்தருமா சொல்லல்ல?"

"ஓலை வாசிக்கிறதுக்காக மூணு வாரம் யாரும் காத்திருந்து பாத்திருக்க மாட்டாவ. அவியளுக்கு மறுநாளே கல்யாணம் முடிஞ்சிருக்கும். இத மாதிரி எல்லாத்தையும் செஞ்சு பாத்துச் சொல்றதுதான் யம்மா அந்த வேலை."

அம்மா திரையில் கிடந்த கொல்லனை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸ்ல நம்ம ஆளுவ யாரும் இருக்காவளா?"

"தெரியல்ல. இண்டர்வியூல யாரையும் பாக்கல்ல."

"அப்போ ஓலையப் பத்தி அவியளுக்கு எங்க தெரியப்போவுது." சேலை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போறேன்னு எழுது. இப்பவே எழுது, நான் இருக்கும்போதே. மாப்ள செத்ததையும் சேத்து எழுது."

"அது வேற கம்பெனி கேம் யம்மா."

"எழுதுட்டி. தெரிஞ்சு வச்சுக்கட்டும்."

வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். கீழே, திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஊர்க்காரர்களைச் சண்டையில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்று ஒரு வரி சேர்த்தேன். அம்மா அதைத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னாள். சொன்னேன்.

"மூணு வாரம்னு போட்டியா?"

போட்டேன்.

"ம். அனுப்பு."