இடப்பக்கம் இழுத்த வண்டி

என் வீட்டுக்காரர் இடைசெவலிலிருந்து மணியாச்சிக்குத் தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போவார். நான்குவழிச் சாலை, முன்னும் பின்னும் லாரி. ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அவர் வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லட்டி, காத்து தள்ளுது" என்பார்.

காத்தடிக்காத நாளிலும் இழுத்தது. கோவில்பட்டியில் ஹேண்டில் பேரிங்கை மாற்றினார், முன் டயரை மாற்றினார். இழுப்பு நிற்கவில்லை. ஹேண்டிலை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தே மாதக்கணக்கில் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் வலது தோள் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். கேட்டால் கோபம் வரும். எனக்கு அதைவிடக் கோபம் வரும்.

தை மாதம் ஒரு மழை பெய்தது. மறுநாள் புஞ்சைக்குப் போனபோது அவர் முன்னால் வண்டியை மெதுவாக நேரே ஓட்டிப் போனார், நான் நடந்தேன். ஈரக் கரிசலில் முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடம் விழ வேண்டும். நேர்ப்பாதையிலேயே இரண்டு தடம் தனித்தனியாகக் கிடந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். இறங்கிக் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

கரிசல் மண் பின் சக்கரத்தில் அப்பிச் சுற்ற விடாமல் செய்தால், அச்சை இளக்கி, குச்சியால் மண்ணைத் தோண்டிவிட்டு மறுபடி முறுக்குவார். எங்கள் பக்கம் பலரும் செய்கிற வேலைதான். முறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே, அதைக் கண்ணாலேயே பார்த்து முடித்துவிடுவார். சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. ஹேண்டிலைக் குறை சொல்லி எத்தனை நாளை ஓட்டினோம்.

வீட்டுக்கு வந்து பின் டயரிலிருந்து முன் டயர்வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்தோம். இளக்கி, தள்ளி, திரும்ப நூல் பிடித்து, நேராக்கி முறுக்கினோம்.

"ஏறுட்டி, பாத்துட்டு வருவோம்" என்றார்.

நான்குவழிச் சாலையில் ஏறினோம். பின்னால் ஹாரன் கேட்டது. லாரி எங்களைத் தாண்ட வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது. வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது. "இடது, இடது" என்று அவர் தோளில் குத்தினேன். லாரியின் காற்று சேலையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனது.

ஓரமாக நிறுத்தினார்.

"இப்போ வலப்பக்கம் இழுக்குதுட்டி."

"வண்டி இழுக்கல. நீங்கதான் இழுக்குதீங்க."

அவர் தம் கைகளைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும்போது விறைக்கிற தோளைத் தட்டிக்கொண்டே வந்தேன். தட்டினால் இளகும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி விறைக்கும். காலையில் மணியாச்சிக்கு அவர் தனியாகப் போக வேண்டும்.

"நாளைக்கு பஸ்ஸுல போங்க" என்றேன்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன், "சரி" என்றார். லாரி உரசிப் போனபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.