கன்னத்தில் ஒத்திப் பார்த்தவர்

பிரிக்பீல்ட்ஸ் பெயிண்ட் பட்டறையில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். நரைத்த தலை. தண்ணீரில் ஊறிப்போன விரல்கள். பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன ரேடியோப் பெட்டிகளில் பெயிண்ட் ஒட்ட வேண்டுமென்றால் பளபளப்புப் போக வேண்டும். நனைத்த உப்புத்தாளால் அதைத் தேய்ப்பது எங்கள் வேலை. தேய்த்ததைத் துடைத்து நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்போம். அவர் கன்னத்தில் ஒத்திப் பார்ப்பார்.

ஒருநாள் அவர் தேய்த்த பெட்டியில் பெயிண்ட் உரிந்துவிட்டது. மூலையில் பளபளப்பு அப்படியே இருந்தது.

"யாரு தேய்ச்சது?" என்றார் முதலாளி.

"நான்தான்" என்றேன். திட்டிவிட்டுப் போனார்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னே?" என்றார் அவர்.

"உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாரு, அண்ணே."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"பக்கத்துலயே உக்காந்திருந்தும் ஒரு வார்த்தை பேசலியே. நான் தனியா பயந்துகிட்டுக் கெடந்தேன்."