மச்சான் ரத்தம்

லண்டனில் அச்சாகும் ஒரு மருத்துவ இதழில் வேலம்மா இருக்கிறாள். அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது. ‘திருமதி வி., தமிழ்ப் பெண், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘பிள்ளைமுழுங்கி’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது.

அவள் ராசா என்ற ஊரில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் ஜப்பான்காரன் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது தம்பி செல்லன் ஒருவன்தான். கோலாலம்பூருக்கு வடக்கே பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆலையில் வேலை பார்த்த இருசப்பனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, தம்பியும் அக்காள் பின்னாலேயே வந்து அதே தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டான். இருவரும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டினார்கள்.

தலைப்பிரசவம், கம்யூனிஸ்ட்காரர்களை அடக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி தொடங்கிய வருஷத்தில் வந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. லயத்து மருத்துவச்சி கைவிரித்த பிறகுதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை செத்துப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு நிரந்தர டாக்டர் கிடையாது. மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் டிரெஸர் சிவானந்தம்தான். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வெளியே வந்து, “ஆராவது உடனே ரத்தம் குடுக்க வேணும். இல்லாட்டி இவள் தப்பமாட்டாள்” என்றார்.

செல்லன் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். சிவானந்தம் கண்ணாடித் தட்டில் துளி விட்டுப் பார்த்து, சேரும் என்றார். அப்போதுதான் குறுக்கே வந்து நின்றாள் இருசப்பனின் தாய் தாயம்மா.

“தாலி கட்டிக் கூட்டியாந்தப்புறம் அவ எங்க வூட்டுப் பொண்ணு. பொறந்த வூட்டு ரத்தத்த அவ ஒடம்புல ஊத்துனா, நாளைக்கு அவ பெத்துப் போடறது யாரு கொலம்? எம் மவன் குடுப்பான். நீ தள்ளுடா.”

உள்ளே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், வெளியே குலம் பேசுகிறார்கள். கூடியிருந்த பெரிய மனுஷர்கள் தாயம்மா சொல்வதுதான் முறை என்று தலையாட்டினார்கள். கல்யாணமானால் பெண்ணுக்குக் குலதெய்வம் மாறுகிறது, ரத்தம் மட்டும் ஏன் பழைய வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது அவர்கள் நியாயம். இருசப்பனின் துளியும் தட்டில் சேர்ந்தது. அவன் ரத்தம் அவளுக்குள் ஏறியது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருசப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. “எம் பொண்டாட்டி ஒடம்புல ஓடறது எம் ரத்தம்லா. இந்த ஊர்ல எந்த ஆம்பள குடுத்திருக்கான் சொல்லு” என்று கள்ளுக்கடையில் மீசையைத் தடவுவான். புருஷனைத் திட்டுகிற பெண்கள் அவனைத்தான் உதாரணம் காட்டினார்கள். வேலம்மாவும் அவனைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டாள். அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த பிள்ளை மாதம் நிறைந்து, வீறிட்டு அழுதுகொண்டே பிறந்தது. மறுநாளே மஞ்சள் பூத்தது. கண், நகம், உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். பால் குடிக்க மறந்தது. முதுகு வில்லாக வளைந்து, செத்துப்போனது. அதற்கடுத்த பிள்ளையும் அப்படியே வந்து அப்படியே போனது.

ஒரு பிள்ளை செத்தால் விதி என்பார்கள். அடுத்தடுத்துச் செத்தால் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள். வேலம்மா எதிரே வந்தால் கர்ப்பிணிகள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் வளைகாப்பு நடந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கச் சொல்லி மாமியார் உத்தரவு போட்டாள். “எம் மவன் ரத்தத்தயும் குடிச்சா, அவன் புள்ளைங்களயும் முழுங்கிட்டா” என்று அவள் குழாயடியில் சொன்னதுதான் லயம் முழுக்கப் பேராக நிலைத்தது. இருசப்பன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர் வெதர்பி டாக்டர். அந்த வட்டாரத்துத் தோட்டங்களை முறை வைத்துச் சுற்றி வருகிற வெள்ளைக்காரர். முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்களோடு வருவார். ரத்தத்தைப் பற்றி ஆராய்ந்து இதழ்களுக்கு எழுதுவதில் அவருக்கு அப்படி ஒரு மோகம். டிரெஸர் வேலம்மாவின் கதையைச் சொன்னதும் டாக்டருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவள், இருசப்பன், செல்லன் மூவரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை வரும்போது விடையோடு வந்தார்.

விடை எளிதானது. சிவானந்தத்தின் கண்ணாடித் தட்டில் தெரியாத இன்னொரு பொருளும் ரத்தத்தில் உண்டு. இருசப்பனுக்கு அது இருந்தது, வேலம்மாவுக்கு இல்லை. அவன் ரத்தம் ஏறியதும் அவள் உடம்பு அந்தப் பொருளை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. பிறகு அப்பனின் ரத்த வாகோடு வயிற்றில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் ரத்தத்தையும் அந்த எதிர்ப்புச் சத்து அழித்தது. செல்லனுக்கோ அக்காளைப் போலவே அந்தப் பொருள் கிடையாது. அன்றைக்கு அவன் ரத்தத்தை ஏற்றியிருந்தால் இந்தத் துன்பம் வந்திருக்காது என்பது டாக்டரின் முடிவு.

வேலம்மாவின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பு, அவர் கேள்விப்பட்டிராத அளவுக்கு வலுவாக இருந்தது. அதைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டால் மற்றவர்களின் ரத்தத்தைச் சோதிக்கலாம். கட்டுரையும் எழுதலாம். “அவளிடம் ஒன்றும் சொல்லாதே, பயந்து வராமல் நின்றுவிடுவாள்” என்று டிரெஸரிடம் சொல்லிவிட்டார். டிரெஸர் வேலம்மாவிடம், “பிள்ளை தங்கிறதுக்குத்தான் இந்த வைத்தியம்” என்றார். வாய் கூசவில்லை. அவள் முகம் மலர்ந்து கையை நீட்டினாள். அப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். எடுக்க எடுக்கக் கொடுத்தாள். இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று செல்லனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாள்.

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த காலம் அது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு நாள் வேலம்மா மயக்கம் தாங்காமல், தூக்குச்சட்டியில் கொஞ்சம் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் நின்ற காவலன் மூடியைத் திறந்து பார்த்தான். கஞ்சியை மண்ணில் ஊற்றிவிட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தான். அவளுக்குப் பின்னாலேயே டாக்டரின் கார் வந்தது. பின்சீட்டில் ஐஸ் போட்ட பெட்டியில் அவள் ரத்தம் இருந்தது. காவலன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டான்.

டாக்டரை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. மாதம் நெருங்கியபோது அவர் ஒரு வழி சொன்னார். பிரசவத்தைக் கோலாலம்பூரில் வைத்துக்கொள்ளலாம். பிறந்ததும் பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, வேறு ரத்தம் ஏற்றிவிடலாம். இப்படிப் பல பிள்ளைகள் பிழைத்திருக்கின்றன. அந்தப் பொருள் இல்லாத ரத்தம் இந்த நாட்டில் கிடைப்பது அபூர்வம்; செல்லனின் ரத்தம் பொருந்தும். ஆனால் பிள்ளையின் தகப்பன் சம்மதிக்க வேண்டும். சிவானந்தம் இருசப்பனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப, எம் ரத்தந்தான் எம் புள்ளைங்கள கொன்னுச்சுன்றீங்களா?”

“உன்னில பிழை இல்லை. அவளிலயும் இல்லை. ரெண்டும் சேரேல்லை, அவ்வளவுதான். இந்தப் பிள்ளையைக் காப்பாத்தலாம். செல்லன்ர ரத்தம்தான் வேணும்.”

“மச்சான் ரத்தமா? வேணாங்க.”

“யோசிச்சுச் சொல்லு, இருசப்பன்.”

“யோசிக்க என்னாங்க இருக்கு? ரத்தம் குடுத்து பொண்டாட்டிய காப்பாத்துனவன்னு பேரெடுத்தவன் நானு. இப்ப எம் ரத்தம் ஆவாது, மச்சான் ரத்தந்தான் ஆவும்னு ஊரு பேசணுமா? வேணாம். அவகிட்டயும் இத சொல்லிப்புடாதீங்க ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

புண்ணியமாம். சிவானந்தம் போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு அதே ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. வேலம்மா அதற்குத் தன் தாயின் பெயரையே வைத்தாள், லெட்சுமி. முந்தைய பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. வைத்தியம் செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையில் இதற்கு வைத்தாள். மஞ்சள் பூத்தபோதும் நம்பினாள். வெளிச்சத்தில் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று டிரெஸரோடு சண்டை போட்டாள். லெட்சுமி செத்த பிறகும் மடியிலிருந்து இறக்கவில்லை. செல்லன்தான் விரல்களைப் பிரித்துப் பிள்ளையை வாங்கினான். அந்த வாரம் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. டாக்டருக்கு அது நல்ல செய்தி.

துக்கம் ஆறுவதற்குள் தாயம்மா உலு யாம் என்ற ஊரில் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டாள். பெயர் கங்கா. வேலம்மாவின் துணிமணிகளை மூட்டை கட்டிச் செல்லனின் அறை வாசலில் வைத்தார்கள். கங்காவுக்கு அடுத்த வருஷமே கொழுகொழுவென்று ஆண் பிள்ளை பிறந்தது. லயத்தில் சந்தேகம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அது தீர்ந்துபோயிற்று. குற்றம் யாரிடம் என்பதுதான் கண் முன்னால் தெரிகிறதே! இருசப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாகச் சுற்றினான்.

அதற்குப் பிறகும் வேலம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். செல்லனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“இன்னும் எதுக்குக்கா குடுக்குற? ஒடம்புல என்னா மிச்சம் இருக்கு?”

“டாக்டரு பெரிய படிப்புப் படிச்சவருடா. எம் புள்ளைங்களுக்கு என்னா ஆச்சுன்னு ஒரு நாளைக்குச் சொல்லாமலா போயிருவாரு?”

டாக்டர் சொல்லவில்லை. சொன்னவர் சிவானந்தம். அதுவும் இரக்கத்தால் இல்லை, பெருமையால். லண்டனிலிருந்து கட்டுரையின் அச்சுப்பிரதிகள் வந்தபோது டாக்டர் ஒன்றை அவருக்கும் கொடுத்திருந்தார். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் சிவானந்தத்தின் பெயரும் இருந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கெழுதுகிற கிராணி, ஆள்களை மேய்க்கிற மண்டோர், கடைக்காரர் மீரா சாகிபு என்று ஒருத்தரை விடாமல் காட்டினார். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு, ரத்தம் கொடுக்க வந்த வேலம்மாவிடமும் காட்டினார்.

“இஞ்ச பார், என்ர பேர். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். சீமையில உன்ர ரத்தத்தைப் பற்றி வாசிக்கினம், தெரியுமே?”

“என்னா எழுதியிருக்காருங்க? படிச்சுச் சொல்லுங்களேன்.”

அவர் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். முதல் பிரசவம், புருஷன் ரத்தம், அதனால் வந்த எதிர்ப்பு, மஞ்சள் பூத்துச் செத்த பிள்ளைகள். சொல்லிக்கொண்டே வந்தவர், வந்த வேகத்தில் அடுத்த வரியையும் சொல்லிவிட்டார். “தாயின் சகோதரனுடைய ரத்தத்தைக் கொண்டு சிசுவின் ரத்தத்தை மாற்ற யோசனை கூறப்பட்டது. கணவர் மறுத்துவிட்டார்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காகிதத்தை மடித்தார்.

“எந்தப் புள்ளைக்குங்க?” என்று வேலம்மா கேட்டாள்.

“கடைசிப் பிள்ளைக்கு.”

“செல்லன் ரத்தம் ஏத்தியிருந்தா லெட்சுமி பொழச்சிருக்குமா?”

“தப்பியிருக்கலாம். அநேகமாத் தப்பியிருக்கும்.”

அவள் அன்றைக்கு ரத்தம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இருசப்பன் வீட்டுக்கு நடந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். பிள்ளைமுழுங்கி சாபம் விடப் போகிறாள் என்று கங்கா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். இருசப்பன் வாசற்படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“லெட்சுமிய பொழைக்க வைக்கலாம்னு டிரெஸரு ஒங்ககிட்ட சொன்னாரா?”

அவன் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினான்.

“சொன்னாரு.”

“அப்புறம் ஏங்க வேணாம்னீங்க?”

“மச்சான் ரத்தம் ஓடுற புள்ளய நான் எப்புடி எம் புள்ளன்னு சொல்றது? நீயே சொல்லு.”

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்லாட்டி என்னாங்க? எம் புள்ளன்னு நான் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேனே.”

உள்ளே கங்காவின் பிள்ளை அழுதது. இருசப்பன் சுருட்டை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.